பதினொரு பேருக்கு அம்மை

அந்தக் கேடயத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. தலைமையாசிரியர் சங்கரபாண்டியன் அதற்குத் தினமும் சந்தனப் பொட்டு வேறு வைக்கிறார்.

2006இல், பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று அதிகாரி வந்து பார்க்கும் அடைவுத் தேர்வில் எங்கள் நடுநிலைப் பள்ளி ஒன்றியத்திலேயே கடைசி. மறு வருடம், தேர்வுக்கு முந்தின நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். எட்டாம் வகுப்பு என் பொறுப்பு.

“ஜெயசீலி டீச்சர், வாசிக்கத் தெரியாத பதினொரு பேரு நாளைக்கு வர வேண்டாம். வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிட்டு வந்திருங்க.”

சீ என்று மனதுக்குள் சொன்னேன். “சரி சார்” என்று கிளம்பினேன். என் மாறுதல் மனு அவர் மேசையில் கிடந்தது.

அந்தப் பதினொன்றில் பொன்மணியும் ஒருத்தி. இரண்டு மாதமாகச் சாயங்காலம் உட்கார வைத்து, எழுத்துக் கூட்டிப் பஸ் பலகை வாசிக்கும் அளவுக்கு அவளைக் கொண்டுவந்திருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தேறிவிடுவாள். அவள் அம்மா இருளம்மாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

“நாளைக்குப் பிள்ளைய அனுப்பாதீக.”

“ஏன் டீச்சர்?”

“சும்மாதான். வகுப்புல வேலை நடக்கு.”

இருளம்மாள் தலையாட்டினாள். எங்கள் பக்கம் டீச்சர்கள் வீடு தேடிப் போவது ஒரே காரியத்துக்குத்தான். பிள்ளையைப் பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பாதீர்கள், பள்ளிக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சுவோம். பள்ளிக்கு அனுப்பாதே என்று சொல்ல ஒரு டீச்சர் வந்தது அதுதான் முதல் தடவை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் வந்த அதிகாரி காலி இடங்களைப் பார்த்து என்ன என்று கேட்டார்.

“அம்மை சார்,” என்றார் தலைமையாசிரியர்.

பதினொரு பேருக்கும் ஒரே நாளில் அம்மை! அதிகாரி இளநீரைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்றியத்தில் எங்களுக்கு முதலிடம்; அந்தக் கேடயமும் வந்தது. வெட்கங்கெட்ட முதலிடம்.

பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். பொன்மணி வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இருளம்மாள் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“பிள்ளைக்குப் படிப்பு ஏறாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசில்லாமத்தான் அன்னிக்கு அப்படிச் சொன்னீகன்னு புரிஞ்சுக்கிட்டேன் டீச்சர். மறுநாளே கம்பெனி வேன்ல ஏத்திவிட்டுட்டேன்,” என்றாள். குரலில் கோபமே இல்லை. எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று பார்த்திருக்கிறாள், மகராசி.

“ஒரு நாளைக்குத்தான்மா வேண்டாம்னேன். அன்னிக்கு…” என்று இழுத்தேன்.

அதற்குள் வேன் வந்து நின்றது. பொன்மணி இறங்கி ஓடி வந்தாள். வெடிக்குத் தாள் குழாய் சுருட்டிச் சுருட்டி விரலெல்லாம் காய்ந்த பசை.

“டீச்சர், பரீட்சையில நம்ம ஸ்கூலுதான் ஃபர்ஸ்டாமே! வேன்ல சொன்னாக. நாங்க பதினொரு பேரும் வராம இருந்தது நல்லதாப் போச்சுல்ல?”

சந்தோஷமாகத்தான் கேட்டாள். இருளம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. நான் இன்னும் வாய் வைக்காத செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.