ரிலீவர் வராத தேவதை

பொழுது விடியும்போதே தேவதைகள் வேலைக்குக் கிளம்பிவிட வேண்டும். அவர்களைக் கிளப்பி அனுப்புகிற நாங்கள் அதற்கும் முன்னால் வந்துவிட வேண்டும். அனல்மின் நிலையத்துப் புகை இருட்டோடு இருட்டாக நின்றுகொண்டிருக்கும். சுரங்கத்துக்கு முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் ஆர்ச் கேட்டைத் தாண்டும் நேரத்தில், நாங்கள் கடைத்தெருவில் எங்கள் ஆபீஸ் இருக்கும் மாடியில் ஏறியிருப்போம். ஜன்னல் விளிம்பில் ராத்திரி படிந்த சாம்பலைத் துணியால் துடைப்போம். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, பஞ்சு செத்துப்போன நாற்காலியில் உட்காருவோம்.

குழந்தைகளுக்கான தேவதைக் கார்ட்டூன் தொடர். அதற்குப் புதிது புதிதாகக் கதை யோசித்துத் தருவதுதான் எங்கள் பிழைப்பு. தேவதைக் கதை எழுதவா சம்பளம் தருகிறார்கள் என்று என் வீட்டுக்காரரே சிரித்தார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கதை என்றால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன். ஒரு தேவதை, ஒரு குழந்தை, ஒரு சங்கடம், அது தீர்கிற வழி என்று வெறும் வயிற்றோடு தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விழுந்த பல்லைத் தேடி வரும் தேவதை. கரண்ட் போனால் தானே பயந்து அழும் தேவதை. கொடியில் காயப்போட்ட இறக்கையைக் காற்று அடித்துக்கொண்டு போக, லீவு போட முடியாமல் நடந்தே டூட்டிக்கு வரும் தேவதை. முதல் டீ வருவதற்குள் மண்டை காய்ந்துவிடும். கழுத்து மரத்துப் போகும். கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும். என் அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர். மேல்மண்ணை மலை மலையாக வெட்டித் தள்ளினால்தான் கரி கண்ணில் படும் என்பார். எங்களுக்கும் அப்படித்தான், மொக்கைக் கதைகளை அள்ளிக் கொட்டிய பிறகுதான் உருப்படியாக ஒன்று அகப்படும். முன்பெல்லாம் எழுதியதற்கெல்லாம் கூலி உண்டு. போன தீபாவளிக்குப் பிறகு பாஸான கதைக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. பாஸ் போடுகிறவர் முதலாளி அருண்ராஜ் ஒருவர்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மணிமொழி. எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். பால் பாக்கெட் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்கூடப் பால்காரரை நிறுத்தி வைத்து விசாரிப்பேன். ஆனால் அருண்ராஜின் சந்தேகத்துக்கு முன்னால் என்னுடையதெல்லாம் ஒன்றுமே இல்லை. செல்போனை வாசல் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மத்தியான ஷிப்ட் ஆட்களோடு காலை ஷிப்டில் இருக்கும் நாங்கள் பேசக் கூடாது. அவர்கள் எழுதுவது எங்களுக்குத் தெரியாது, நாங்கள் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது. இரண்டும் போய்ச் சேருகிற இடம் அவருடைய கண்ணாடி அறை மட்டும்தான். கதை திருட்டுப் போய்விடுமாம். திருடுவதற்கு இந்த ஊரில் வேறு பொருளே இல்லை பாருங்கள்.

எங்கள் எல்லாரிடமும் அவருக்கு ஆகாத ஒரு தப்பு இருந்தது. சுரங்கத்தில் கரி ஓடும் கன்வேயர் பெல்ட் ஓரம் நிற்பவர், ஷிப்ட் முடிந்தது என்று தன் பாட்டுக்கு இறங்கிவிட முடியாது. அவருடைய இடத்துக்கு அடுத்த ஆள் வந்து நிற்க வேண்டும். அந்த ஆளைத்தான் ரிலீவர் என்பார்கள். பிள்ளைகளாக நாங்கள் சோற்றுத் தட்டோடு அப்பாவுக்குக் காத்திருந்தபோதெல்லாம் அம்மாக்கள் சொன்ன காரணம் அதுதான், ரிலீவர் வரலையாம். அப்படி வளர்ந்தவர்கள் எழுதினால் தேவதையும் அப்படித்தானே இருக்கும்? காய்ச்சலில் கிடக்கிற குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்த தேவதை, இன்னொரு தேவதை வந்து "நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு" என்று சொன்ன பிறகுதான் பறக்கும். எழுதும்போது அது ஒரு தப்பாகவே எங்களுக்குப் படாது. அருண்ராஜ் தலையில் அடித்துக்கொண்டு அதை வெட்டுவார். தேவதை என்றால் மாயமாக வருவாள், மாயமாகப் போவாள், இதென்ன மைன்ஸா என்று கத்துவார். மறுநாளும் எவளாவது ஒருத்தி அதையே எழுதி வைத்திருப்பாள்.

எனக்குப் பக்கத்து நாற்காலி பொற்கொடி. கம்மாபுரம் பக்கத்துப் பெண். அவர்கள் பயிர் வைத்த நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அப்பாவுக்குக் காண்ட்ராக்ட் வேலையும் விட்டு விட்டுத்தான். வீட்டில் உலை கொதிப்பது இவள் தேவதைகளை நம்பித்தான். பிரச்சினை வெடித்த நாளுக்கு முந்தின வாரம் அவள் எல்லார் முன்னாலும் அருண்ராஜிடம் ஒன்று கேட்டாள். படம் முடிந்ததும் பெயர்கள் ஓடுகிறதே, அதில் எங்கள் பெயரும் வருமா என்று கேட்டாள். பார்க்கலாம்மா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்போதே எனக்கு ஒப்பவில்லை.

அன்று காலை முதல் டீ கூட வரவில்லை, அதற்குள் அருண்ராஜ் எங்களைக் கூப்பிட்டுப் பெரிய டிவி முன்னால் நிற்க வைத்தார். திரையில் வரிசையாகத் தேவதைக் கதைகள். வேறொரு கம்பெனி தயாரிக்கப் போகும் தொடரின் கதைகளாம், தெரிந்தவர் ஒருவர் அனுப்பினாராம். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கும் தேவதை ஒன்று. அதன் இறக்கையைத் துணிக்கொடியிலிருந்து காற்று அடித்துக்கொண்டு போகிறது. மழை கொட்டுகிறது, ஒரு குழந்தையின் செருப்பு ஓடையில் மிதந்து போகிறது. தேவதையோ ஓடிப் பிடிக்க முடியாமல் ரிலீவருக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. கொடியில் காயப்போட்ட இறக்கை என்னுடையது. நான் பெற்ற பிள்ளையை எவளோ இடுப்பில் வைத்துக்கொண்டு போவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"உலகத்துல எந்த ஊர் தேவதை ரிலீவருக்குக் காத்திருக்கும்?" என்று கேட்டார் அருண்ராஜ். "உங்களத் தவிர எவனும் இப்படி எழுத மாட்டான். இங்க இருக்கற யாரோ ஒருத்தர் வித்திருக்கீங்க."

சொல்லிவிட்டுப் பொற்கொடியைப் பார்த்தார். இங்கே பெயர் கிடைக்காதவர்களுக்கு வேறு இடத்தில் கிடைத்திருக்கும் போல என்றார். மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் அவள் போய்விடலாம், நாளை முதல் வர வேண்டாம். கூட்டு யார் என்று தெரிந்தால் மற்றவர்கள் வந்து சொல்லலாம், சொல்கிறவர்களைக் கவனித்துக்கொள்வாராம்.

"நான் விக்கல சார்" என்றாள் பொற்கொடி. அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பொற்கொடிக்கு மறுபக்கம் உட்காரும் ஹரிணி தன் பையை எடுத்து அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தாள். பொற்கொடி புதுப் போன் வாங்கியது பற்றித் தனகோட்டி என் காதில் ஓதினாள். எனக்கு மட்டும் மனசு சுத்தமா? இவள் தினமும் என் திரையை எட்டிப் பார்த்தாளே, நல்லா இருக்குக்கா என்று சொல்லிச் சொல்லித்தான் மனப்பாடம் செய்தாளோ என்று எனக்குள் ஓடியது. இன்னொரு பக்கம் தனகோட்டியையே சந்தேகப்பட்டேன், இவ்வளவு அவசரமாக ஓதுகிறாளே என்று. ஹரிணியையும் சந்தேகப்பட்டேன். ஒரே அறையில் ஒரே காற்றை மூச்சுவிட்டுக்கொண்டு ஆளுக்கொரு போலீஸாக உட்கார்ந்திருந்தோம். சீ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

பொற்கொடி அழவில்லை. கதை தட்டிக்கொண்டே இருந்தாள். நாளைக்கு வேலை இல்லை என்று ஆன பிறகும் அவள் விரல் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"வேல போனாக்கூடப் பரவால்லக்கா. திருடின்னு பேரு வாங்கிக்கினு எப்பிடி வூட்டுக்குப் போறது?"

என் புத்தி சும்மா இருக்கவில்லை. இறக்கை என்னுடையது, சரி. அந்தச் செருப்புக் காவல் தேவதை யாருடையது? ஹரிணியைக் கேட்டேன், இல்லை என்றாள். தனகோட்டி இல்லை என்றாள். பொற்கொடியிடமும் கேட்டேன், நானே இன்றைக்குத்தான் படித்தேன் என்றாள். எங்கள் ஷிப்டில் யாருக்குமே அது சொந்தமில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கீழே டீக்கடைக்கு இறங்கினேன். கலியமூர்த்தி அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊரில் பேனர் எழுதிப் பிழைத்தவர் என்று முன்பே தெரியும், பிளெக்ஸ் வந்து அந்தத் தொழில் படுத்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார். மத்தியான ஷிப்டில் பொற்கொடியின் நாற்காலிக்கு வருகிறவர் அவர்தான். பேசக் கூடாது என்பது சட்டம். இருந்த ஆத்திரத்தில் சட்டமாவது ஒன்றாவது என்று காலையில் நடந்ததைக் கொட்டிவிட்டேன். செருப்புத் தேவதை என்று சொன்னதும் அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அது என்னுது" என்றார். "கோயில் வாசல்ல எம் பொண்ணு செருப்பு தொலைச்சா. அன்னிக்கு எழுதினது. பாஸே ஆகல."

என் சந்தேகம் முதலில் அவர் மேலேயே பாய்ந்தது. பொற்கொடிக்கும் இவருக்கும் ஏதாவது கூட்டோ? ஆனால் அந்தப் பெண் வெளியே போன பிறகுதான் இவர் உள்ளேயே நுழைவார். ஒருவர் எழுதியதை மற்றவர் திறந்து பார்க்கவும் முடியாது. அவர் கதையும் என் கதையும் ஒரே தேவதையின் உடம்பில் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால், இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்திருக்க வேண்டும். அப்படி ஓர் இடம்தான் இருக்கிறது. எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. காலையிலிருந்து சுற்றி இருப்பவர்களையெல்லாம் குடைந்துகொண்டிருந்தேனே, கண்ணாடி அறைப் பக்கம் மட்டும் தலை திரும்பவில்லையே!

கலியமூர்த்தி அண்ணன் கடைவாசலில் நின்றுகொண்டு தன் ஷிப்ட் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொன்னார். நான் மேலே போய் எங்கள் ஆட்களிடம் சொன்னேன். ஹரிணி தான் நகர்த்திய பையை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. மத்தியான ஷிப்ட் வழக்கம்போல வெளியே காத்திருக்காமல் உள்ளே வந்தது. சத்தம் கேட்டு அருண்ராஜ் அறையிலிருந்து வந்தார். யார் இவர்களை உள்ளே விட்டது என்றார்.

"அந்தக் கதையில பாதி என்னுது, பாதி கலியமூர்த்தி அண்ணனுது" என்றேன் நான். "அவருது பாஸ்கூட ஆகல. ரெண்டையும் பார்த்த ஆள் நீங்க ஒருத்தர்தான் சார். வித்தது யாரு?"

அருண்ராஜின் முகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. பிறகு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார். நம்மைப்போல் தடுமாறுகிற ஆளா அவர்?

"யாரும் விக்கல. உங்க கதை எல்லாத்தையும் ஏஐ மெஷினுக்குக் கொடுத்தேன். அது படிச்சுட்டு இப்பத் தானா எழுதுது, காலைல பாத்தீங்களே, அதான். என் சிஸ்டம், என் ஃபைல். இதுல என்ன தப்பு?"

"அப்ப வேற கம்பெனிதுன்னு ஏன் சொன்னீங்க?" என்றேன்.

அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், காலம் மாறுகிறது என்றார். மெஷின் எழுதுவதைத் திருத்தினால் போதும், அதற்குப் பாதிப் பேர் போதும், புத்திசாலிகள் தங்கிக்கொள்ளலாம் என்றார். காலையில் சுமத்திய திருட்டுப் பழியும் ஆள் குறைக்கத்தான் என்று அப்போது புரிந்தது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பாதியில் நான் இருப்பேனா என்று ஒவ்வொருவரும் நினைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நினைக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பயம் எனக்கும் வந்தது.

பொற்கொடி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். "வேலைய அப்பறம் பேசலாம் சார். நான் திருடி இல்லன்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்க."

"ஷிப்ட் முடிஞ்சுது. எழுந்திரு."

"ரிலீவர் வரல சார்."

அருண்ராஜ் சிரித்தார். அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்த கலியமூர்த்தி அண்ணனைக் காட்டினார். "இதோ வந்து நிக்கறாரே, இவர் யாரு?"

அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். நாற்காலியின் முதுகில் கையை வைத்தார். "நான் இன்னும் வரல சார்" என்றார்.

எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. தனகோட்டி எழுந்திருப்பவள்போலப் பையை எடுத்தவள், அதை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய ரிலீவரும் வரவில்லை. வராத அந்த ரிலீவர் அவளுக்குப் பின்னாலேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஓர் ஆள், ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஓர் ஆள். இத்தனை நாள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தும் பெயர் தெரியாதவர்கள் அன்றுதான் ஒருவருக்கொருவர் பெயர் கேட்டுக்கொண்டார்கள். அருண்ராஜ் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், அவர்களிடமும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள் என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

நாளைக்கு இந்த மாடி திறக்குமா, பூட்டுத் தொங்குமா, தெரியாது. அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லுவாரா, அதுவும் தெரியாது. வெளியே முதல் ஷிப்ட் முடிந்த பஸ்கள் ஊருக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. பொற்கொடிக்கு அப்போதுதான் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, உங்களுக்கெல்லாம் என்னால்தானே தொல்லை, நான் வேண்டுமானால் எழுந்து போய்விடுகிறேன் என்றாள்.

கலியமூர்த்தி அண்ணன் குனிந்து அவள் தோளைத் தட்டினார்.

"நான் பாத்துக்கறேன்" என்றார். "நீ உக்காரு."