துப்பாக்கிக் கட்டையில் இருந்த இரண்டு சொற்கள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டு வெண்டல் கிராட்ஸரின் கோபத்திலிருந்து எடுத்தது. வெண்டலுக்கு ஐம்பத்தெட்டு வயது, வீடுகளுக்குக் கூரை போடுகிற தொழில், ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரைத் தாண்டி அதிகம் போகாதவன். மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, என் சமையலறை மேசையை ஓங்கிக் குத்தினான்.

"தேச்சுட்டான்டா! அந்தக் கிழவன் தேச்சே போட்டுட்டான்!"

அன்று சிந்திய காப்பிக் கறை இந்தக் கதையின் முதல் பிரதியில் இன்னும் இருக்கிறது.

(முதலில் எழுதிய தொடக்கம்: "இரும்புக்கும் ஞாபகங்கள் உண்டு. பனி உருகும் அந்தக் காலையில்—" வேண்டாம். இரும்புக்கு ஒரு ஞாபகமும் கிடையாது. மனிதர்களுக்கே இல்லை.)

2

சென்னையில் சிற்றிதழ் நடத்தும் நண்பரிடம் தொலைபேசியில் கதையைச் சொன்னேன். "துப்பாக்கி வருதுல்ல? அப்ப யாரு சாகறாங்க?" என்றார்.

"யாரும் சாகலை."

"அப்புறம் எதுக்குங்க துப்பாக்கி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த மனிதர்களுக்கு நடுவில் இருக்கிறேன். துப்பாக்கி என்று எழுதினால் பிணம் கேட்கிறார்கள். இந்தக் கதையில் அது ஒருமுறைகூட வெடிக்காது. அதில் ஏமாற்றம் அடைகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

3

அது ஒரு சப்மெஷின் கன், விசையை அழுத்தியபடி இருந்தால் தோட்டாக்களைத் தொடர்ந்து துப்பும் சிறிய ராணுவத் துப்பாக்கி. பெயர் டார்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.* இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு சிறிய தொழிற்சாலை சில நூறு செய்துவிட்டு மூடிவிட்டது. மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இப்படிப்பட்டதை இங்கே கடையில் போய்க் காசு கொடுத்துக் கையோடு தூக்கிக்கொண்டு வர முடியாது. எண்பத்தாறாம் வருடத்துக்கு முன்பே அரசிடம் பதிவானதாக இருக்கவேண்டும். பத்து விரல் ரேகை, புகைப்படம், வரி எல்லாம் அனுப்பிவிட்டு அனுமதிக் காகிதத்துக்காகக் காத்திருக்க வேண்டும். வெண்டலுக்குப் பத்து மாதம் ஆனது. அதுவரை துப்பாக்கி விற்றவரின் இரும்புப் பெட்டகத்திலேயே கிடக்கும். போய்ப் பார்க்கலாம், தொடலாம், அவ்வளவுதான். வெண்டல் சனிக்கிழமை தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவன் மனைவி மார்லா வாசலிலேயே நின்று கேட்பாள்: "என்ன, பொண்ணு பாத்துட்டு வந்தாச்சா?"

* உண்மைப் பெயரைச் சொன்னால் வெண்டல் வீட்டுக்குத் திருடன் வருவான். இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

4

விற்றவர் க்ளெட்டஸ் ஹோஃப்மன். எழுபத்தொரு வயது. தீவனக் கிடங்குக்குப் பின்னால் கடை. வேட்டைத் துப்பாக்கிகளை விற்பதும் பழையதைச் சீர்செய்வதும் தொழில். வெண்டலுக்கு முதன்முதலில் குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பேரம் நடந்த அன்று நானும் கூட இருந்தேன்.

"என்னண்ணே** இது, நாய் கடிச்ச எலும்பு மாதிரி இருக்கு கட்டை?" என்றான் வெண்டல்.

"போர் பாத்த சாமான்டா தம்பி. பளபளன்னா இருக்கும்?"

"போர் பாத்துச்சோ எலி பாத்துச்சோ. எனக்கென்ன, வயல்ல நின்னு நாலு டப்பாவைச் சுடப்போறேன். சேகரிக்கற கிறுக்கன் எவனாவது வந்தா அவன் தலைல கட்டு."

"அப்ப எதுக்கு அரை மணியா அதையே தடவிக்கிட்டு நிக்கறே?"

"கை குளிருதுண்ணே."

விலையில் மூவாயிரம் டாலர் இறங்கியது. மீன்பிடிப் படகை விற்று வெண்டல் வாங்கினான்.

இந்த ஊரில் பழைய துப்பாக்கி சேகரிக்கும் எவனும் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டான். சொன்னால் விலை ஏறும். ஆசை முகத்தில் தெரியக்கூடாது, கேமராவைக் கையில் எடுக்கக்கூடாது, குறை மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். வெண்டல் இந்தச் சாமர்த்தியத்தில் பெரிய ஆள்.

** இங்கே யாரும் யாரையும் அண்ணன் என்று கூப்பிடுவதில்லை. ஆனால் அவர்கள் பேசிய தொனிக்குத் தமிழில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

5

காரில் திரும்பும்போதுதான் சொன்னான். தோல்வாருக்கு அடியில், தோளில் முட்டுக்கொடுக்கும் மரப் பின்கட்டையில், எண்ணெய் அழுக்கோடு அழுக்காக ஆணியால் கீறிய எழுத்து இருக்கிறதாம். சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியுமாம். இரண்டே சொல்.

ரூத்துக்கு எழுது.

"கெழவனுக்குக் கண்ணுல புரை. தெரியவே இல்ல அவருக்கு," என்று வாய்விட்டுச் சிரித்தான்.

எந்தச் சிப்பாய், எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து, மறந்துவிடக்கூடாது என்று கீறினான்? ரூத் மனைவியா, தங்கையா? எதுவும் தெரியாது. காகிதம் வந்து துப்பாக்கி கைக்கு வந்ததும் அதில் பொறித்த வரிசை எண்ணை வைத்து எந்தப் படைப்பிரிவுக்குப் போனது என்று தேடுவது வெண்டலின் திட்டம்.

(இங்கே எனக்கு வெண்டல்மேல் சந்தேகம் வந்தது. கூரை ஆணி அடிக்கிறவன் இரண்டு சொல்லுக்காகப் படகை விற்பானா? வாசகர் நம்பமாட்டார் என்று ஒரு காரணம் செய்துகொடுத்தேன்: "அவனுடைய தாத்தாவும் போருக்குப் போய், கடிதமே போடாமல்—" அடித்துவிட்டேன். அவன் தாத்தா போருக்கே போகவில்லை, பன்றி வளர்த்தார். கடைசியில் அவனையே கேட்டேன். "அந்தச் சிப்பாய் அவளுக்கு எழுதினானா இல்லையான்னு தெரியவேணாமாடா?" என்று என்னைத் திட்டினான். அதற்குமேல் காரணம் இல்லை.)

6

காகிதம் வந்தது. அந்த மார்ச் சனிக்கிழமை வெண்டல் தனியாகப் போனான். இனி வருவது அவன் சொன்னது. வசைகளில் பாதியை விட்டுவிட்டேன்.

க்ளெட்டஸ் துண்டில் சுற்றி எடுத்து வந்து மேசையில் வைத்தார். குழந்தைபோலச் சிரித்தார். "பிரிச்சுப் பாரு. உன் பொறந்தநாளுக்கு என் பரிசு."

ராணுவத்தின் மங்கிய சாம்பல் பூச்சு போயிருந்தது. இரும்பு முழுக்க நீலக் கறுப்பு மெருகு. மரக்கட்டை புது அலமாரிக் கதவு மாதிரி மின்னியது. வெண்டல் வாரை விலக்கினான். சாய்த்தான். ஜன்னலுக்குக் கொண்டுபோனான்.

"எங்கண்ணே எழுத்து?"

"எந்த எழுத்து?"

"வாருக்கு அடியில."

"ஓ, அந்தக் கீறலா? நல்ல ஆழம்டா. அதை எடுக்க மட்டும் எனக்கு ரெண்டு நாளாச்சு."

"யாரைக் கேட்டுய்யா தேச்சே?"

"நீதானடா நாய் கடிச்ச எலும்புன்னே! ஒரு தடவையா? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்து சொன்னியே!"

"அது பேரத்துக்குச் சொன்னது!"

"பேரந்தான் அன்னிக்கே முடிஞ்சிருச்சே! அப்புறமும் ஏன் சொன்னே?"

வெண்டல் அப்போதுதான் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். "காகிதம் வர்றவரைக்கும் சாமான் உன்னுது. விஷயம் தெரிஞ்சா நீ மனசு மாறிட்டீன்னா?"

"என்னையா? என்னையாடா அப்படி நெனச்சே?"

கிழவர் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய ஆணியை எடுத்து நீட்டினாராம். "என்ன எழுதியிருந்துச்சோ நீயே கீறிடு. மேலே எண்ணெயும் கரியும் தேச்சுத் தர்றேன். எந்தக் கொம்பனும் கண்டுபிடிக்கமாட்டான்."

வெண்டல் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு, துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு, நேராக என் வீட்டுக்கு வந்தான். மேசையைக் குத்தியது அப்போதுதான்.

7

யார்மேல் கோபப்படுவது? க்ளெட்டஸ்மேல்தான் முதலில் வந்தது. எழுபது வருடத்துக்கு மேல் இருந்த ஒரு மனிதனின் கையெழுத்தை உப்புத்தாளால் துடைத்துவிட்டு, பரிசு என்று சிரிக்கிறார். ஆனால் வெண்டல் பிடித்ததைப் பிடித்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழவரின் கை அதைத் தொட்டிருக்காது. மூவாயிரம் டாலருக்காக வாயை மூடிக்கொண்டவன் அவன். என்மேலும் கோபம் வருகிறது. பேரத்தின்போது பக்கத்தில் நின்று ரசித்தவன் நான். அதன்பிறகு பத்து மாதமும் தெரிந்துகொண்டே சும்மா இருந்தவனும் நான்தான்.

இதையெல்லாம் எழுதி அனுப்பியபோது சிற்றிதழ் நண்பர், "அடைப்புக்குறி, அடிச்சது, திருத்தினது எல்லாத்தையும் எடுத்துட்டுக் கொஞ்சம் மெருகேத்திக் குடுங்க," என்றார். மெருகாம்! தொலைபேசியை வைத்துவிட்டேன். கீறல்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

8

ஒரு முடிவு: வெண்டல் ஆணியை ஆற்றில் எறிகிறான், கிழவரைக் கட்டிப்பிடிக்கிறான்— (இல்லை. இரண்டு பேரும் இன்னும் பேசுவதில்லை.)

இன்னொரு முடிவு: ஒருநாள் ரூத்தின் பேத்தி கதவைத் தட்டி— (வெட்கமாக இருக்கிறது, விடுங்கள்.)

நடந்தது இவ்வளவுதான். அன்று போகும்போது வெண்டல் ஆணியை என் மேசையில் விட்டுவிட்டுப் போனான். "என் கைல இருந்தா கீறிடுவேன். நீ வச்சுக்கோ. கேட்டாலும் குடுக்காதே," என்றான். பொய்க் கீறல் போடுகிறவனை இந்தச் சேகரிப்பாளர்கள் திருடனைவிட மட்டமாக நினைப்பார்கள், அவனும்தான்.

துப்பாக்கியின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு வெண்டல் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டதற்குப் போன வாரம் பதில் வந்தது. அந்தத் தொழிற்சாலையின் ஏடுகள் எதுவும் மிஞ்சவில்லை. ரூத் இருந்தாள் என்பதற்கு இனி உலகத்தில் வெண்டலின் வாய்ச்சொல்தான் சாட்சி.

இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது வெண்டல் வந்து வாசலில் நிற்கிறான். இந்த முறை உள்ளே வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டுகிறான். வண்டி நிறையக் கூரை ஆணி வைத்திருப்பவன், கிழவர் கொடுத்த அந்த ஒன்றைத்தான் கேட்கிறான்.

"குடுடா அதை."

"கேட்டாலும் குடுக்காதேன்னு நீதானே சொன்னே? அது பொய்யி வெண்டல். நீ கீறினா அது அவன் எழுத்து ஆகாது."

"தெரியும்டா. விக்கப்போறதில்ல, யாருக்கும் காட்டப்போறதுமில்ல. அவன் மறக்கக்கூடாதுன்னு கீறினான். நான் செத்தா அதுவும் போயிரும்ல?"

ஆணி மேசையில், காப்பிக் கறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவன் கை இன்னும் நீண்டபடி இருக்கிறது. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். எனக்கு நியாயம் எல்லாம் சொல்லவேண்டாம். கொடுக்கவா, வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள்.