கவிழ்த்து வைத்த சக்கரம்

அந்த டயர் கடையில் அலுமினியச் சக்கரங்களுக்குச் ‘சம்பந்தி’ என்றும், சாதாரண இரும்புச் சக்கரங்களுக்குப் ‘பங்காளி’ என்றும் பெயர். சூட்டியவள் கடைக்காரரின் தங்கை. பங்காளியைத் தூக்கிப் போடலாம், உருட்டிவிடலாம், கோபம் வந்தால் ஒரு தட்டும் தட்டலாம். மறுநாள் ஒன்றும் நடவாததுபோல் வந்து நிற்கும். சம்பந்தி அப்படியல்ல. நகம் பட்ட அளவுக்குக் கீறல் விழுந்தாலும் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டும். ஆகையால் பளபளக்கும் சக்கரங்களோடு ஒரு கார் வாசலில் திரும்பியதும், “சம்பந்தி வந்தாச்சு, பாயை விரிங்க” என்று அவள் குரல் கொடுப்பாள். சிமெண்டுத் தரையில் தடித்த ரப்பர் பாய் விரிக்கப்படும். கழற்றிய சக்கரம் அந்தப் பாயைத் தவிரத் தரையில் வேறெதையும் தொடக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

எல்லோரும் அவளைச் சின்னவள் என்றே அழைத்தார்கள். எல்லோரும் என்றால் பெரிய கூட்டமில்லை. கடையை நடத்தும் அண்ணன், வாசல் மேசையில் அமர்ந்து வருவோரைக் கவனிக்கும் அண்ணி, அவ்வளவுதான். பேருந்துப் பணிமனையில் தன் இடுப்புயர டயர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவள், பணிமனை வேறிடத்துக்கு மாறியபோது அண்ணனின் கடைக்கு வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே டயர் கழற்றும் இயந்திரத்தின் இரும்புப் பிடிகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி மாட்டினாள். நட்டுகளைக் கழற்றும் கருவியின் முனைக்கு மெல்லிய உறை ஒன்று போட்டு, அதற்குச் ‘சாக்ஸ்’ என்று பெயரிட்டாள். கைவிடப்பட்ட கார் இருக்கைகளின் தோலையும் நுரையையும் வெட்டி, நடுவில் துளையிட்டு, இயந்திரத்தின் சுழல்மேசைக்கு அளவெடுத்து ஒரு மெத்தை தைத்தாள். இந்தச் சக்கரங்களுக்கு நடக்கிற உபசாரத்தில் பாதி எனக்கு நடந்திருந்தால் நான் இன்னும் இரண்டு சுற்றுப் பெருத்திருப்பேன் என்று அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

சின்னவள் வந்த பிறகு அந்தக் கடையிலிருந்து ஒரு சக்கரமும் கீறலோடு வெளியே போனதில்லை. இதை யாரும் கேட்காமலேயே அவள் சொல்வாள். தன்னடக்கம் அவளுக்கு அளவெடுக்காமல் தைத்த சட்டை. எப்போதோ போட்டுப் பார்த்துக் கழற்றி வைத்துவிட்டாள்.

ஆனால் அவள் வருவதற்கு முன்பே விழுந்த ஒரு கீறல் அந்தக் குடும்பத்தின் குறுக்கே கிடந்தது.

அண்ணியின் தமையன் கார்களுக்கு வண்ணம் பூசுகிறவர். அண்ணன் பிள்ளை கூப்பிடுவதைப் பார்த்துச் சின்னவளும் அவரை மாமா என்றே அழைத்தாள். போன வருடம் தம் காரின் சக்கரங்களுக்குத் தாமே, மழைக்கு முந்திய வானத்தின் நிறத்தை ஏற்றி, விளிம்புகளைக் கண்ணாடியாக மெருகிட்டு, புது டயர் போடக் கொண்டுவந்தார். தங்கை வீட்டுக்காரர் கடைதானே என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், ஒரு சக்கரத்தின் முகத்தில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. டயரை நெம்பும்போது கம்பி வழுக்கிவிட்டதாக அண்ணன் சொன்னார். பெயிண்டர் வாயைத் திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். பேசாமல் போனவர், அதன் பிறகு கடை வாசலையும் மிதிக்கவில்லை, வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பொம்மை வந்தது, மாமன் வரவில்லை. அவர் பேச்சை யாராவது எடுத்தால் அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விடுவார். அந்த வருடம் முழுவதும் அவர் கைகள் மிகச் சுத்தமாக இருந்தன.

முட்டுக்கட்டையை உடைத்தவள் அண்ணிதான். வேலை மிகுதியால் தமையன் ஊரெல்லாம் ஓடி ஓடி, புது டயர்களும் வழுக்கை விழுந்துவிட்டிருந்தன. வழுக்கை டயரில் ஓடும் காரில் என் பிள்ளையை ஏற்ற மாட்டேன், மாற்றுவதானால் எங்கள் கடையில்தான் மாற்ற வேண்டும் என்று தொலைபேசியிலேயே அறுதியிட்டுச் சொல்லிவிட்டாள். தங்கை அழுதிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் அழவில்லை.

ஒரு காலையில் கார் வந்து நின்றது. சின்னவள் வழக்கமான குரலை எழுப்பவில்லை. தானே சத்தமில்லாமல் பாயை விரித்தாள்.

“வாங்க” என்றார் அண்ணன்.

“வந்துட்டேன், ஓனர் சார்.”

வாய் நிறைய மாப்பிள்ளை என்று அழைத்த மனிதர் அவர். அண்ணன் முகம் சுருங்கியது. கை கழுவப் போகவும் வழியில்லை. பெயிண்டர் தம் நிபந்தனையைத் தங்கையைப் பார்த்துச் சொன்னார். முதலில் ஒரே ஒரு சக்கரம். தாம் பக்கத்திலேயே நிற்பார். கோடு விழுந்தால் மீதி மூன்றையும் வழுக்கையோடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அதன் பிறகு இந்தப் பக்கம் வாருங்கள் என்று யாரும் தம்மைக் கூப்பிடக் கூடாது, அவளும் உட்பட. அண்ணி சரியென்று தலையசைத்தாள். அசைத்துவிட்டு வாசல் மேசையின் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடி சரிபார்க்கத் தொடங்கினாள்.

சக்கரம் பாய்மேல் இறங்கியதும் சின்னவளின் கண் அதன் விளிம்பில் நின்றது. சுற்றிலும் காகித டேப் ஒட்டப்பட்டிருந்தது. பெயிண்டரின் வேலை, ஒரு மடிப்பில்லை, ஒரு பிசிறில்லை. மெருகிட்ட விளிம்பை முழுவதும் மூடி, டயர் வந்து உட்காரும் இடுக்குவரை மடித்து அழுத்தியிருந்தார். இவ்வளவு அழகான தவறை அவள் பார்த்ததேயில்லை.

“மாமா, இதை உரிச்சிடணும்.”

“கீறல் படாம மூடுறதுதான் என் பொழைப்பே. எனக்கே சொல்லித் தரியா?”

“உங்க வேலையில டேப்புக்கு மேல பெயிண்ட் வரும், அப்புறம் உரிச்சிடுவீங்க. என் வேலையில டேப்புக்கு மேல டயர் வந்து உக்காரும். உரிக்கவே முடியாது. இடுக்கு வழியா காத்து கசிஞ்சிக்கிட்டே இருக்கும்.”

அவர் யோசித்தார். பிறகு தாமே குத்துக்காலிட்டு அமர்ந்து, டேப்பின் நுனியை நகத்தால் எழுப்பி, நடுவில் எங்கும் அறுந்துவிடாமல் ஒரே இழுப்பில் சுற்றி உரித்தார். அந்தக் கைநேர்த்தியை வாய்விட்டுப் பாராட்டத் தோன்றியதைச் சின்னவள் அடக்கிக்கொண்டாள். தன் கைநேர்த்தியை அவள் இனிமேல்தான் அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அண்ணன் பழக்கதோஷத்தில் சக்கரத்தின் முகம் மேலே பார்க்கும்படி இயந்திரத்தில் ஏற்றப் போனார். அதற்குள் சின்னவள் பின்பக்கத்திலிருந்து கையை உள்ளே விட்டு, உலோகத்தின் வளைவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டயரைக் கழற்றும்போது அதன் ஓர் ஓரம் இறங்கிக்கொள்வதற்கென்று ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றி, டயருக்கு அடியில், ஒரு பள்ளம் ஓடும். ஓர் ஓரம் பள்ளத்தில் இறங்கினால்தான் எதிர் ஓரம் தளர்ந்து வெளியே வரும். பெரும்பாலான சக்கரங்களில் அந்தப் பள்ளம் முகப்பக்கத்தில் இருக்கும். வெளியே பள்ளமென்றால் உள்ளே தடவும் விரலுக்கு அது மேடு. அவள் விரல்கள் முகப்பக்கத்தில் தேடின, சமதளம்தான் தட்டுப்பட்டது. பின்விளிம்புக்கு அருகில் வந்தபோது விரல்கள் சட்டென்று ஒரு மேட்டில் ஏறின. அந்தக் கணத்தில் ஒரு வருடத்துக் கதையும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“அண்ணே, அப்படி வேண்டாம். கவுத்து வை.”

“என்னத்தை கவுக்கிறது?” பெயிண்டர் ஓரடி முன்னால் வந்து சக்கரத்தின் மேல் கையை வைத்தார். “முகத்தை இரும்பு மேசையில தேய்க்கவா நான் ராப்பகலா மெருகு போட்டேன்? நீங்க வண்டியை இறக்குங்க, நான் கிளம்புறேன்.”

பேனா மூடிகளின் சத்தம் நின்றது.

முகம் மேலே இருந்தால்தானே கண்காணிக்க முடியும், எப்போதும் அப்படித்தானே செய்கிறோம் என்று அண்ணனும் தாழ்ந்த குரலில் சொன்னார். சின்னவள் அவருக்குத்தான் பதில் சொன்னாள். கண்ணை மட்டும் பெயிண்டரின் மேல் வைத்திருந்தாள்.

“எப்பவும் பள்ளம் முன்னாடி இருக்கும். இதுல பின்னாடி இருக்கு. முன்பக்கமா நெம்பினா டயருக்கு இறங்க இடமே இல்ல, முறுக்கிக்கிட்டு நிக்கும். அப்ப பலத்தைப் போட்டா கம்பி வழுக்கும், யார் போட்டாலும் வழுக்கும். போன வருஷம் தப்பு பண்ணது உன் கை இல்லண்ணே. வச்ச பக்கம்தான் தப்பு.”

அண்ணன் சக்கரத்தருகே குனிந்தார். தம் கையை உள்ளே விட்டுத் தடவினார். அந்த மேட்டை இரண்டு முறை கண்டுகொண்ட பிறகும் அந்தக் கையை வெளியே எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“கதை நல்லா இருக்கு. ஆனா மேசையில உரசப் போறது என் பெயிண்ட்” என்றார் பெயிண்டர்.

சின்னவள் விவாதம் செய்யவில்லை. மெத்தையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தோலின் தையல்களுக்குள் விரல்விட்டுக் கழுவி, உதறி, சுத்தமான துணியால் ஒற்றினாள். பிறகு முழங்கையின் உள்பக்கத் தோலை மெத்தையின்மேல் மெல்ல ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு மணல் இருக்கிறதா என்று தேடினாள். உள்ளங்கை காய்த்துப் போனவர்களுக்குப் பொடிமணல் தெரியாது. அந்த மெல்லிய தோலுக்குத் தெரியும்.

பெயிண்டர் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசிப் பூச்சுக்கு முன்னால் தூசி தேடுகிறபோது அவர் செய்வதும் அதையேதான். தம் பட்டறைக்கு வெளியே இன்னொருவர் அப்படிச் செய்து அவர் கண்டதில்லை. நெருங்கி வந்து தம் சட்டைக் கையை மடித்துவிட்டு, அவரும் மெத்தையின்மேல் கையை ஓட்டினார். துளைக்குப் பக்கத்தில் கை நின்றது.

“இங்க ஒண்ணு இருக்கு.”

இருந்தது. கடுகில் கால்பங்கு. சின்னவளின் காது மடல்கள் சூடேறின. தான் தவறவிட்டதை இன்னொருவர் விரல் காட்டியது அவள் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல. மறுபேச்சில்லாமல் மெத்தையை மீண்டும் குழாயடிக்கு எடுத்துப் போய் முதலிலிருந்து கழுவினாள். இரண்டாம் முறை இருவரும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு பாதியைத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

“சரி, வை” என்றார் அவர்.

அண்ணன் சக்கரத்தைக் கவிழ்த்து மெத்தையின்மேல் இறக்கினார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கியதில், உலோகம் தோலைத் தொடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. தொப்பி போட்ட பிடிகள் மெல்ல நெருங்கி விளிம்பைப் பற்றிக்கொண்டன. சோப்புநீரைத் தாராளமாகப் பூசி, எதிர் ஓரத்தை முழங்கையால் அழுத்திப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, சின்னவள் கம்பியைச் செருகினாள். கம்பிக்கும் ஓர் உறை இருந்தது. அண்ணன் மிதியை அழுத்த, மேசை சுழன்றது. போன வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அதே சக்கரத்திலிருந்து டயர், வேகவைத்த கிழங்கின் தோல்போல உரிந்து வந்தது. பலம் என்ற ஒன்றை யாரும் பயன்படுத்தவேயில்லை. புது டயரும் அப்படியே ஏறி உட்கார்ந்தது. காற்றடித்தபோது இரண்டு ஓரங்களும் ‘டப் டப்’ என்று பொருந்திக்கொண்ட சத்தத்தில் அண்ணிதான் முதலில் பெருமூச்சு விட்டாள். சமன் பார்த்து ஒட்டும் எடைகளைக்கூட, வெளி விளிம்பில் மாட்டாமல், கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தில் ஒட்டினாள் சின்னவள்.

பிறகு சக்கரம் பாயின்மேல் நிமிர்த்தி வைக்கப்பட்டது. பெயிண்டர் காருக்குள்ளிருந்து தம் விளக்கை எடுத்து வந்தார். பூசிய வண்ணத்தில் குறை தேடுவதற்கென்றே வைத்திருக்கும் விளக்கு. ஒளியைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பில் தொடங்கி ஆரக்கால் ஆரக்காலாக நகர்ந்தார். சின்னவள் கைகளைக் கட்டிக்கொண்டு, தேர்வு எழுதி முடித்துவிட்டு மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கெட்டிக்கார மாணவிபோல் நின்றாள். ஆனாலும் விளக்கு ஓரிடத்தில் நின்றபோது அவளுடைய கட்டிய கைகள் அவிழ்ந்தன.

அவர் முகத்தை மிக அருகில் கொண்டுபோனார். கட்டைவிரலால் துடைத்தார். போகவில்லை. மறுபடியும் துடைத்தார்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

பெயிண்டரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறார் என்பது தெரிய எல்லோருக்கும் சற்று நேரம் பிடித்தது. சின்னவள் குனிந்து பார்த்தாள். கீறல் அல்ல, மெருகுக்கு அடியில், வண்ணத்தோடு வண்ணமாக இறுகிப் போன ஒற்றை மயிர்.

“எங்க வீட்டுப் பூனை” என்றார் அவர். “கோடு விழுந்த சக்கரத்தைத் திரும்ப அடிச்சேனே, அன்னைக்குப் பட்டறைக்குள்ள வந்து படுத்திருந்துச்சு. ஒரு வருஷமா தினமும் துடைக்கிறேன், என் கண்ணுலயே படல. உங்க கீறலைத் தேடப் போய் என் பூனையைக் கண்டுபிடிச்சிட்டேன்.”

“பூனைக்கும் ஒரு சாக்ஸ் தைச்சுத் தரவா மாமா?” என்று சின்னவள் கேட்டாள். அடக்கி வைத்திருந்த சிரிப்பொன்று வாசல் மேசையிலிருந்து எழுந்தது.

பெயிண்டர் விளக்கை அணைத்தார். மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். பிறகு, ஒரு வருடமாக உள்ளே வைத்திருந்ததை எடுத்து வைப்பவர்போல், அண்ணனைப் பார்த்துச் சொன்னார்:

“மாப்பிள்ளை, மிச்ச மூணையும் பாருங்க. நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்.”

சொன்னபடியே போனார். அண்ணி மேசையை விட்டு எழுந்து அவரோடு நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை அவர் ஒருமுறைகூடக் கடையைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைச் சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அண்ணன் இரண்டாவது சக்கரத்தைக் கழற்றி வந்து பாயில் வைத்தார். போன வருடம் கோடு விழுந்தது எந்தச் சக்கரத்தில் என்பதற்கு இப்போது வேறு அடையாளமில்லை. பூனையின் மயிர் மட்டும்தான் சாட்சி. கம்பியை எடுக்கச் சின்னவள் நீட்டிய கையை அவர் விலக்கினார்.

“இதை நான் கழட்டுறேன். நீ மிதியை அழுத்து.”

அவள் வாயில் ஒரு கிண்டல் வந்தது. விழுங்கிக்கொண்டாள். மெத்தையைக் குழாயடிக்கு எடுத்துப் போய்க் கழுவி, ஒற்றி, கொண்டுவந்து மேசையில் விரித்தாள். அண்ணன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அதன்மேல் மெல்லக் கையை ஓட்டினார்.