வாலைக் கட்டிய விமானம்

மாரிக்கண்ணன் தன் விமானத்தின் வாலைக் கருவேல மரத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது, முத்துலட்சுமி ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள்.

"என்னப்பா, மாட்டைக் கட்டுற மாதிரி கட்டுற. அத்துக்கிட்டு ஓடிருமோ?"

"ஓடும்க்கா. அதான் கட்டுறேன்."

"முட்டுமா?"

"முன்னாடி போனா விசிறி வெட்டும். ஆட்டைத் தள்ளி ஓட்டிக்கிருங்க."

திருச்சுழி ரோட்டுக்குக் கிழக்கே, கண்மாயை ஒட்டிய பொட்டல். விமானம் ஒருவர் மட்டும் உட்காரக்கூடியது. வீட்டுக் கொட்டகையிலேயே அவன் கட்டியது. இரும்புக் குழாய் எலும்பு, துணித் தோல். அந்தத் துணியில் பாதித் தையல் அவன் மனைவி அமுதவள்ளி போட்டது. போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. மீதித் தையலை அவன் போட்டான். கோணலாக வந்தது.

பறப்பதற்கு அனுமதி இனிமேல்தான் வாங்க வேண்டும். இன்றைக்கு வாலைக் கட்டிவைத்து இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இன்ஜினில் தீப்பிடித்தால் அந்தத் துணிக்குப் பரவ ஒரு கை தூரம்தான். எரிந்தால் மறுபடி தைக்க ஆள் இல்லை.

அமுதவள்ளியின் தம்பி செல்லப்பாண்டி உதவிக்கு வந்திருந்தான். அருப்புக்கோட்டைக்கும் மல்லாங்கிணற்றுக்கும் மினிபஸ் ஓட்டுகிறவன். தீயணைக்கும் சிலிண்டரை ஒரு கையிலும் பூஜைப் பையை மறு கையிலும் பிடித்திருந்தான்.

"சூடத்தை உள்ள வை மாப்ள."

"சூடம் காட்டாம வண்டி எடுக்குறதா? என் பஸ்ஸுக்கு வெள்ளிக்கிழமை தவறாமக் காட்டுறேன் மச்சான். பஞ்சரைத் தவிர ஒரு கேடு கிடையாது."

"உன் பஸ்ஸு டீசலு. இது பெட்ரோலு. ஆவி பத்துனாலே போச்சு."

"அப்ப சாமிக்கு என்ன பதில் சொல்ல?"

"அந்த வரப்புக்கு அங்கிட்டு நின்னு காட்டு. சாமிக்குத் தூரப்பார்வை நல்லாத்தான் இருக்கும்."

செல்லப்பாண்டி முனகிக்கொண்டே போய்க் காட்டினான். அணைந்த பிறகும் மாரிக்கண்ணன் அதன்மேல் மண்ணைத் தள்ளிவிட்டு வந்தான். அந்தக் கோபத்தை செல்லப்பாண்டி திருநீற்றில் தீர்த்துக்கொண்டான். தண்ணீரில் குழைத்து, சக்கரத்தில், விசிறியில், இன்ஜினில் என்று ஒரு இடம் விடாமல் மும்மூன்று கோடு போட்டான். பெட்ரோல் பைப் இன்ஜினோடு சேரும் முட்டிலும் போட்டான்.

"அங்க ஏம்ல பூசுற? துடைச்சு வச்ச இடம்."

"பஸ்ஸுக்கு நெத்தி எதுன்னு தெரியும். இதுக்கு எதுன்னு தெரியல. அதான் எல்லாத்துலயும்."

மாரிக்கண்ணன் துணியை எடுத்தான். பிறகு, துடைக்க வேண்டுமா என்று அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டான்.

இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சூடேறும் வரை மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினான். இறங்கி வந்து பைப்பைத் தடவிப் பார்த்தான். விரலில் ஈரம் இல்லை. பெட்ரோல் வாடை அடித்தது. டேங்கில் ஊற்றும்போது சிந்தியது என்று நினைத்துக்கொண்டான்.

"சரி. இனி முழு வேகம். தள்ளி நில்லு."

"மச்சான், இருங்க. இந்த முட்டுல மூணு கோடு போட்டேன். ரெண்டுதான் இருக்கு."

"காத்துல போயிருக்கும்."

"விசிறியில போட்டதே போகலயே. இது மட்டும் எப்படிப் போகும்?"

மாரிக்கண்ணன் குனிந்தான். மற்ற இடமெல்லாம் திருநீறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. முட்டில் மட்டும் கீழ்க்கோடு கரைந்து, சாம்பல் நிறத் தடம் ஒன்று கீழே இறங்கியிருந்தது. தடம் போன திசையில் சைலன்சர் இருந்தது. கசிந்த பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிட்டது. விரலுக்குச் சிக்கவில்லை. திருநீற்றில் மட்டும் தடம் விட்டிருந்தது.

சைலன்சர் ஆறும்வரை காத்திருந்து, இன்ஜினைக் கையால் குலுக்கினான். குலுக்கும்போதெல்லாம் முட்டில் ஒரு சொட்டு துளிர்த்தது.

காரணம் புரிந்தது. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஓடும்போது குலுங்கும். பைப்பும் கூடவே அசைய இடம் வேண்டும். எடையைக் குறைக்க அவன் பைப்பைக் கட்டையாக வெட்டி விறைப்பாக மாட்டியிருந்தான். குலுக்கத்துக்குக் குலுக்கம் அது அந்த இணைப்பைப் பிடித்து இழுத்தது. முழு வேகம் என்றால் பிடுங்கிக்கொண்டே வந்திருக்கும்.

செல்லப்பாண்டி அவனைப் பார்த்தான். "அக்கா போனதுலருந்து சோத்தைக் குறைச்சீக. பேச்சைக் குறைச்சீக. இப்பப் பைப்பையும் குறைச்சாச்சா?"

மாரிக்கண்ணன் பைப்பைச் சாணால் அளந்து பார்த்தான். "ஒரு சாண் கூட விட்டுருக்கணும்."

"எங்கிட்டக் கேட்டிருந்தா ரெண்டு முழம் விட்டிருப்பேன்."

"விட்டா தொங்கிப் போயி சைலன்சர்ல படும். அதுவும் எரியும்ல."

"அப்ப நமக்கு நடுவுல ஒருத்தன் பொறந்திருக்கணும்."

மாரிக்கண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

பெட்ரோலை வடித்துவிட்டுப் புதுப் பைப் வெட்டினார்கள். சைலன்சருக்கு எட்டாமல் மேலாக ஒரு வளைவு கொடுத்து, வெப்பம் தாங்கும் உறை போட்டு, தொங்காதபடி இரும்புக் கவ்வி வைத்துப் பிடித்தார்கள். பெட்ரோலை மறுபடி ஊற்றினார்கள். எல்லாம் முடிய வெயில் தாழ்ந்துவிட்டது. மாரிக்கண்ணன் கையை நீட்டினான்.

"துன்னூறைக் குடு."

"நீங்களா கேக்குறீக?"

"கசிஞ்சா தெரியும்ல."

"நானும் அதுக்குத்தான மச்சான் பூசுறேன். கும்புட்டுட்டுப் பூசுங்க."

டேங்கிலிருந்து இன்ஜின் வரை ஒவ்வொரு முட்டிலும் மூன்று கோடு பூசினான். கடைசி முட்டில் பூசும்போது ஒரு கணம் கண்ணை மூடினான். செல்லப்பாண்டி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் வேட்டியை மடித்துக் கட்டினான்.

முழு வேகத்தில் விமானம் திமிறியது. கயிறு விறைத்தது. பின்னால் அடித்த காற்றில் மரம் பேயாட்டம் ஆடி, பழுத்துக் காய்ந்த கருவேலங்காய் நெத்தெல்லாம் சடசடவென்று உதிர்ந்தது. மடித்துக் கட்டிய வேட்டி அவிழ்ந்து கிளையில் போய் மாட்டியது. செல்லப்பாண்டி அரைக்கால் டவுசரோடு சிலிண்டரை மட்டும் விடாமல் நின்றான்.

இன்ஜினை நிறுத்திப் பார்த்தபோது திருநீறு எல்லா முட்டிலும் அப்படியே காய்ந்திருந்தது. மூன்று கோடும் இருந்தது.

முத்துலட்சுமியின் ஆடுகள் மரத்தடிக்கு ஓடிவந்து நெத்தைப் பொறுக்கத் தொடங்கின. வேட்டியை எட்டிப் பிடிக்கக் குதித்துக்கொண்டிருந்த செல்லப்பாண்டியை அவள் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாரிக்கண்ணனிடம் திரும்பினாள்.

"பறக்குமோ என்னமோ, நெத்து நல்லா உலுப்புது. நாளைக்கும் வருவியாப்பா?"

மாரிக்கண்ணன் வால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"வாரேன்க்கா," என்றான். "அடுத்த மரத்துல கட்டுறேன்."