அடி கருகின பிஸ்கட்

மாடியில் கான்கிரீட் தளம் போடச் சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருந்தவன் தென்றலின் அண்ணன் மாறன். தங்கை வீடு என்று தெரிந்திருந்தால் வேங்கிக்கால் பக்கமே வந்திருக்க மாட்டான். மேஸ்திரி அனுப்பிவிட்டார். வந்த பிறகு கூலியை விட்டுவிட்டுத் திரும்ப முடியுமா? சோறு, தண்ணீர் இரண்டையும் கையோடு கொண்டுவந்தான். அவள் அன்பரசனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. இன்றோடு பலகை வேலை முடிகிறது. நாளைக்கு வேறு சைட்டு.

கீழே அடுப்படியில் தென்றல் மாவு பிசைந்தாள். ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் அவளுக்கு வேலை. வெள்ளைக்காரர்களுக்குச் சுட்டுப்போட்டு ஓவன் பழகியிருந்தது. இன்றைக்குச் சுடுவது மாறனுக்கு. அம்மா சித்தாளாகச் செங்கல் சுமந்த காலத்தில், சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் பேக்கரியிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவருவாள். தாளில் ஒட்டிய தூளுக்கும் இருவரும் அடித்துக்கொள்வார்கள். அந்த பிஸ்கட்டைக் கண்டால் மறுக்க மாட்டான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அதன் ருசி எப்படி இருந்தது என்று கேட்கத்தான் அம்மா இப்போது உயிரோடு இல்லை.

முதல் தட்டு பொன்னிறமாக வந்தது. அன்பரசன் ஒன்றை வாயில் போட்டான்.

"சூப்பரா கீது. இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சினுகிற?"

"இது அது இல்ல."

"ஒங்க அண்ணன் பிஸ்கட்டையா பாக்கப் போறாரு? குடுக்கிற கையத்தான் பாப்பாரு."

அவள் வெண்ணெயை ஒதுக்கிவிட்டு டால்டா போட்டாள். ஏலக்காய் சேர்த்தாள். அதுவும் சரியாக வரவில்லை. அடுத்த தட்டை உள்ளே வைத்தபோது ஜல்லி லாரி வந்தது. ஓரமாகக் கொட்டச் சொல்லி டிரைவரோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் வீடெல்லாம் கருகல் வாடை.

தட்டை வெளியே இழுத்தாள். அடியெல்லாம் கருப்பு. ஒன்றை உடைத்து வாயில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பின்வாசலில் மாறன் நின்றிருந்தான். உள்ளே கால் வைக்கவில்லை.

"அம்மா வாங்கினு வர்ற வாசன" என்றான்.

"தீஞ்சி போச்சிண்ணா."

"தீஞ்சததான் வாங்கினு வரும். நல்லதெல்லாம் கண்ணாடிப் பொட்டிக்குப் போயிடும். தீஞ்சத பின்பக்கமா கம்மியா குடுப்பான். ஒருவாட்டி நானும் கூடப் போனேன். பாப்பாகிட்ட சொல்லாதடான்னுச்சி."

"நீ சொல்லவே இல்லியே."

"சொன்னா துன்னுருக்க மாட்ட. ரோசக்காரி."

"யாரு, நானா?"

அவள் தட்டை நீட்டினாள். பொன்னிறமாக வந்ததெல்லாம் மேடையில் கிடந்தது. அதை அவனும் பார்த்தான்.

"கையெல்லாம் பலகைக்குப் பூசற ஆயிலு" என்றான். சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு கருகலில் ஒன்றை எடுத்தான். வாயில் வைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே ஒற்றைக் கையால் ஏணியில் ஏறிப் போனான்.

அவள் ஏணிக்கடியில் வந்து அதைப் பிடித்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பலகை இடுக்கு வழியாகக் கருப்புத் தூள் உதிர்ந்து அவள் புறங்கையில் விழுந்தது. கையை எடுக்காமல் அண்ணாந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் விழுந்தது.