பழுப்புச் சட்டைக்காரி

புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்ட்டில் வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்துவந்த றோசலினுக்கு, 1986 வசந்தத்தில் புதுவிதமான ஓடர் ஒன்று கிடைத்தது. நகரத்துச் சிறிய ஓவியக்கூடம் ஒன்றுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்களின் உருவப்படங்கள் கண்காட்சிக்கு வந்திருந்தன. அதில் ஒருத்தி அணிந்திருந்த பழுப்புச் சட்டையைப்போல் ஒன்று தைத்து, படத்துக்குப் பக்கத்தில் பொம்மைக்குப் போட்டு நிறுத்தவேண்டும். அங்கே செக்கியூரிட்டியாக இருந்த பத்மநாதன்தான் ஆங்கிலம் தெரியாத அவளைக் கூட்டிப்போனார்.

படத்தில் இருந்தவளுக்கு இறுக்கிச் சீவிய தலை, சிரிப்பே இல்லாத வாய். ‘வணிகர் ஒருவரின் மனைவி, பிள்ளைகள் இல்லை’ என்று படத்தின் கீழே எழுதியிருந்ததைப் பத்மநாதன் வாசித்துக் காட்டினார். றோசலின் சட்டையின் மார்புச் சுருக்கங்களையே வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள்.

“என்ன பிள்ளை சிரிக்கிறீர்?”

“அண்ணை, உவவுக்குக் கைக்குழந்தை இருக்கு,” என்று படத்தைக் காட்டினாள்.

“ஆர் சொன்னது?”

“சட்டை சொல்லுது. இந்தச் சுருக்குக்குக் கீழ ரெண்டு பக்கமும் திறப்பு இருக்குப் பாருங்கோ. பால் குடுக்கிற சட்டை. மகள் பிறந்த நேரம் நானும் இப்பிடித்தான் தைச்சுப் போட்டனான்.”

பத்மநாதன் கூச்சத்தோடு போய் இயக்குநர் ஹெலனிடம் சொன்னார். ஹெலன் பூதக்கண்ணாடியோடு ஓடிவந்தாள். எல்லோரும் நிழலென்று நினைத்திருந்த இரண்டு கோடுகளும் திறப்புகள்தான். ஆனால் குழந்தை இருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமே என்றாள்.

“அந்த ஊர்க் கோயிலில ஞானஸ்நானப் பதிவு இருக்குமெல்லே? கேட்டுப்பாக்கச் சொல்லுங்கோ அண்ணை,” என்றாள் றோசலின்.

ஹெலன் அன்றே அந்தப் பெண் வாழ்ந்த மசாசுசெட்ஸ் ஊர்த் தேவாலயத்துக்குக் கடிதம் போட்டாள். பதில் வருமட்டும் றோசலின் காத்திருக்கவில்லை. திறப்பு வைத்தே துணியை வெட்டிவிட்டாள். மூன்றாம் வாரம் பதில் வந்தது. படம் வரைவதற்கு மூன்று மாதம் முன்னர், அந்தப் பெண்ணின் மகள் எலைசாவுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தது.

தொடக்க நாளன்று புதிய குறிப்பு தொங்கியது. ‘எலைசாவின் தாய்’ என்ற தலைப்பின் கீழ் றோசலினின் பெயரும் இருந்தது. ஹெலன் அவளை முன்னால் அழைத்தபோது மண்டபமே கைதட்டியது. றோசலினுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

கூட்டம் கலையும்போது, குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் பொம்மையின் சுருக்கத்தை விலக்கிப் பார்த்துவிட்டு, தனக்கும் இப்படியொன்று தைத்துத் தரமுடியுமா என்று கேட்டாள்.

“ஓம், தைக்கலாம். பழுப்பு வேண்டாம், மஞ்சள் போடுவம் எண்டு சொல்லுங்கோ அண்ணை,” என்றாள் றோசலின்.