எண்ணெய் போட்ட பிரேக்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. பக்கத்து வீட்டுக் காப்பீட்டு முகவர் விடுமுறை நாள் முழுக்க ஒரு மோட்டார் சைக்கிளைத் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு வரி ஓடவில்லை. சரி, உன்னையே எழுதித் தொலைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். உன்னதமான காரணம் எதையாவது எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

முதல் தொடக்கம்: இளவெயிலில் அந்த இரும்புக் குதிரை…

குதிரையாம் குதிரை. சீட்டுக் கிழிந்து பஞ்சு தெரிகிற வண்டி அது.

இரண்டாவது: காப்பீட்டு முகவரின் வண்டியில் பின்பிரேக், மிதிக்காதபோதும் பிடித்துக்கொண்டே இருந்தது. தள்ளினால் நகராது; ஓட்டினால் கருகிய வாடை. இது போதும்.

2

பின்னால் இருக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.* முகவருக்கு அது கௌரவக் குறைச்சல். சக்கரத்தையே கழற்றினார். உள்ளே பிரேக் ஷூ உரசுவதைக் கண்டுபிடித்தார். உரசுவதுதான் பிரேக்கின் பிழைப்பே என்று அவருக்கு யார் சொல்வது? தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்து தாராளமாக ஊற்றினார்.

(* மெக்கானிக்கிடம் போயிருக்கலாமே என்பீர்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று வாழ்நாளில் சொல்லாத மனிதர், அங்கே போய் என்ன சொல்வார்?)

சக்கரத்தை மாட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

“பாரு, பம்பரம் மாதிரி சுத்துது.”

“சுத்துறது இருக்கட்டும். நிக்குமா?”

“நீ ஆரம்பிச்சிட்டியா.”

[இங்கே அவளைப் பயந்த மனைவியாக எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவளுக்குப் பயமில்லை, சலிப்பு.]

3

மறுநாள் மகளுக்கு வேலையில் முதல் நாள். அப்பாதான் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. வீட்டிலிருந்து பெரிய சாலைவரை ஒரே இறக்கம். அந்தச் சாலையில் லாரிகள் ஓயாமல் போகும். அவள் ஏறுவதற்கு முன் வண்டியைக் கொஞ்சம் தள்ளி, பிரேக்கை மிதித்துப் பார்த்தாள்.

“அப்பா, ஒண்ணுமே பிடிக்கலையே.”

“முதல்ல அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிடும். முன்பிரேக் இருக்குல்ல?”

“அது என்னைக்குப்பா பிடிச்சிருக்கு?”

“நீ பஸ்ஸுல போம்மா,” என்றாள் அம்மா.

முகவரின் முகம் சுண்டிப்போயிற்று.

4

முடிவுகள்.

அ) லாரி. பலருக்குப் பிடிக்கும். ஒரு பெண்ணைக் கொன்றால்தான் கதைக்குக் கனம் வரும் என்று நினைக்கிற கூட்டத்துக்கு நான் எழுதுவதில்லை.

ஆ) முகவர் தன் தவறை உணர்ந்து, கண் கலங்கி, மகளின் கையைப் பற்றி… போதும். அந்த ஆளை எனக்குத் தெரியும். உணர மாட்டார்.

இ) மகள் பஸ்ஸில் போகிறாள். நியாயமான முடிவு. எழுதியும் பார்த்தேன். அவள்தான் நகர மாட்டேன் என்கிறாள்.

முகவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அவளுடைய ஒரு கால் ஃபுட்ரெஸ்ட்டில், இன்னொன்று தரையில். பிரேக் பிடிக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். விலகிக்கொண்டால் அப்பா ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்பதும் தெரியும். இதற்காகவா ஏறுவாள் என்று சிரிக்காதீர்கள். வீட்டில் ஒருவர் முகம் சுண்டக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு நீங்கள் ஏறிய வண்டிகள் எனக்குத் தெரியாதா?

“ஏறும்மா, நேரமாச்சு,” என்கிறார் அவர்.

நான் எழுதப்போவதில்லை. தரையில் இருக்கும் அந்தக் காலை அவள் எடுக்கிறாளா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், கிளட்சை விடப்போகிறார்.